லேப்டாப்புக்குக் கடி பார்த்தவர்

மெல்லிய சத்தந்தான். காய்ந்த சுள்ளியைக் காலில் மிதித்தால் வருமே, அவ்வளவுதான். ஆனால் மாஸ்டருக்கு மூடிய லேப்டாப்பின் மேல் வைத்திருந்த உள்ளங்கையை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தால் திறக்க வேண்டும். திறந்தால் தெரிந்துவிடும்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் அல்ல, பல்செட் மாஸ்டர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, கடைசியில் ஈறு நிற அக்ரிலிக்கில் செய்து கொடுப்பது அவர் வேலை. வீட்டின் பின்னறைதான் பட்டறை. சன்னலோரம் மேசை, சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் தாடைகள். அந்தத் தாடைகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரையும் அவர் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, தெருவில் வயதானவர் யாராவது சிரித்தால் நின்று வாயையே பார்ப்பார். "மூஞ்சியப் பாருங்க, வாயப் பாக்காதீங்க. பைத்தியம்னு நெனைக்கப் போறாங்க" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள்.

ரிப்பேருக்குக் கடையில் கொடுப்பது என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது. குழாய், குடை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் பின்னறைக்குத்தான் போகும். பெரும்பாலும் பிழைத்துத் திரும்பும்.

லேப்டாப் மகனுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போனபோது புதிது வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவிடம் விட்டுப் போயிருந்தான். மனைவி சாயங்காலங்களில் உள்ளறையில் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருப்பாள். சீரியல் பார்க்கிறாள் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். போன வாரம் மூடியைத் தூக்கும்போது இடது மூலை 'நெறநெற' என்று பிளந்துகொண்டு வந்தது. "தொடாத, நான் பாக்குறேன்" என்றார். இன்று காலை அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பியதும் பார்க்க உட்கார்ந்தார்.

அடிப்பலகையைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தபோது நோய் தெரிந்தது. கீல் உலோகம், நன்றாகவே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குமிழ்கள்தான் நொறுங்கி, அவற்றுள் பதித்திருந்த குட்டிப் பித்தளை நட்டுகள் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. கீல் இறுகிப்போய்விட்டது. இறுகிய கீலை மடக்க மடக்க, பலம் முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்திருக்கிறது. ஆடும் பல்லுக்கும் இதே கதைதான். பல்லில் குறை இருக்காது, எலும்பில் இருக்கும்.

அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் குழைத்துப் புதுக் குமிழ்கள் கட்டினார். நட்டுகளை நேராக நிறுத்திப் பதித்தார். கீலின் முனையிலிருந்த திருகைச் சற்றே தளர்த்தினார். உறைந்த பிறகு பார்த்தால், கறுப்புப் பெட்டிக்குள் ரோஸ் நிற ஈறு முளைத்தது போலிருந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

எந்தப் பல்செட்டையும் கடி பார்க்காமல் அவர் வெளியே அனுப்பியதில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் இரண்டு பக்கமும் சமமாக உட்காருகின்றனவா என்று, இடையில் இளகிய மெழுகை வைத்து மூடிப் பார்ப்பார். மெழுகு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் நசுங்கினால் கோணல். லேப்டாப்பும் திறந்து மூடும் பொருள்தானே! இடது பக்கம் மட்டும் ஈறு புதிது. கை தானாகவே மெழுகை இளக்கி உருட்டி, கீலை ஒட்டிய கீபோர்டு விசைகளின் மேல் வைத்து அழுத்தியது. அதற்குள், அடியில் கடைசித் திருகை முடுக்காதது நினைவுக்கு வந்தது. மூடாமலே பெட்டியைச் சாய்த்து அதை முடுக்கிவிட்டு, நிமிர்த்தி மூடியின் மேல் கைவைத்து, தாடையை மூடுவது போலவே நிதானமாக அழுத்தினார். மெழுகு ஆறிக் கல்லாகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

இப்போது திறந்தார். மெழுகு பட்ட இடத்திலிருந்து சிலந்திவலை போல விரிசல் ஓடியிருந்தது. அடிப்பலகையைத் திறந்து பேட்டரியை மாட்டி உயிர் கொடுத்ததும், பாதித் திரையில் மை கொட்டியது போலக் கறுப்பு பரவியது. மாஸ்டர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மனைவி பையோடு வந்து வாசற்படியில் நின்றாள். டம்ளர் கீழே விழுந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துகிறவள், சத்தமில்லாமல் பையைத் தரையில் வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வேணும்னேதானே உடைச்சீங்க?" என்றாள்.

"என்னது?"

"தெரிஞ்சுபோச்சுல்ல? அக்கா போன் பண்ணி உங்ககிட்டச் சொல்லிட்டா. அதான்."

"என்ன தெரிஞ்சுபோச்சு? என்ன சொல்ற நீ?"

அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல எனக்கு இன்டர்வியூ."

"உனக்கா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரிக்கா?"

நர்சிங் காலேஜ் விடுதி ஒன்றில் வார்டன் வேலை. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். அங்கேயே தங்க வேண்டும், மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வரலாம். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த அனுபவத்தை எழுதிப்போட்டிருக்கிறாள், கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலங்களில் தட்டிக்கொண்டிருந்தது சீரியல் அல்ல, டைப்பிங் பயிற்சி.

சுவரோரத் தாடைகள் எல்லாம் வாய் பிளந்து அவரையே பார்ப்பது போலிருந்தது.

"போன்ல பேசக் கூடாதா?" என்று கேட்டார். முதலில் வந்த கேள்வி அதுதான்.

"கம்ப்யூட்டர்லதான் வரணுமாம். அவங்க முன்னாடியே பட்டியல் அடிச்சுக் காட்டணும். அக்கா வீட்டுலயும் இல்ல, அவ பையன் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டான்." உடைந்த திரையைத் தட்டிக் காட்டினாள். "கேட்டா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல. அதுக்காக இப்படிப் பண்ணுவீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் திரையில விரிசல் விட்டுச்சா? கீலுதானே உடைஞ்சுது?"

என்ன சொன்னாலும் பொய் போலத்தான் இருக்கும் என்று மாஸ்டருக்கே பட்டது. அவள் எழுந்தாள். எழும்போது மேசையிலிருந்த மெழுகுத் துண்டு கையில் பட்டது. எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் சதுரம் சதுரமாக விசைகளின் பதிவு, மறுபக்கம் அவர் விரல்கள் அழுத்திய தடம்.

"இது என்ன?"

"மெழுகு."

"அது தெரியுது. இதுக்குள்ள ஏன் வந்துச்சு?"

"மூடி ரெண்டு பக்கமும் சமமா உக்காருதான்னு..." மாஸ்டர் தலை குனிந்தார். "கடி பாத்தேன்."

அவள் மெழுகைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி மெழுகைப் பார்த்தாள்.

"லேப்டாப்புக்கு... கடி பாத்தீங்களா?"

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. "வேணும்னு உடைக்கிறவன் சுத்தியல எடுப்பான். இப்படி உடைக்க உங்க ஒருத்தராலதான் முடியும்!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிளம்புங்க. எந்திரிங்க, கடை மூடிடப் போறான்."

பழைய லேப்டாப் விற்கும் கடைக்காரர், உடைந்த டிஸ்பிளேயின் எண்ணையும் பின்புறத்து இணைப்பையும் தன் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே போய்த் தேடினார். அதே எண்ணில் ஒன்று கிடைத்தது. ஆனால் மாட்டுகிற ஆள் நாளை மறுநாள்தான் வருவாராம்.

"நாங்களே மாட்டிக்கறோம்" என்றாள் மனைவி.

கடைக்காரர் மாஸ்டரைப் பார்த்தார். "சார் இதுக்கு முன்னாடி டிஸ்பிளே மாட்டியிருக்கீங்களா?"

"உடைச்சிருக்கார்" என்றாள் அவள்.

கடைக்காரர் சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார்: பேட்டரி இணைப்பை முதலில் எடுங்கள்; கேபிளை மேல்நோக்கிப் பிடுங்காதீர்கள், ஓரமாக நகர்த்தி எடுங்கள்; டிஸ்பிளேயை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

பட்டறை விளக்கின் கீழ் மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனை திருகின் தலையில் நிற்கவில்லை, துள்ளியது. அவர் தன் கையையே நம்ப முடியாமல் பார்த்தார். அரிசி அளவு பல்லை மயிரிழை நகர்த்தி வைக்கும் கை அது, காய்ச்சலில்கூட நடுங்கியதில்லை.

"கொடுங்க இப்படி" என்று வாங்கிக்கொண்டாள்.

அடிப்பலகையைத் திறந்து பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, திரையைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தை நகத்தால் நெம்பி, 'டக் டக்' என்று கழற்றினாள். நான்கு மூலைத் திருகுகளையும் எடுத்து, விசைப்பலகை மேல் விரித்த துண்டில் டிஸ்பிளேயைக் குப்புறச் சாய்த்தாள். நாடாவை உரித்து, பூட்டை நிமிர்த்தி, கேபிளை ஓரமாக நகர்த்தி எடுத்தாள். மாஸ்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பட்டறையில் அவள் கருவியைத் தொட்டு அவர் பார்த்ததில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"விளக்க ஆட்டாதீங்க."

புதிதை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இருவரும் கறுப்புத் திரையில் தெரிந்த தங்கள் முகங்களையே பார்த்தார்கள்.

"முடிஞ்சுது" என்றார் அவர்.

"பேட்டரிய மாட்டுனோமா?"

மாட்டவில்லை. மாட்டியதும் திரை வெள்ளை வெளேரென்று விடிந்தது.

மறுநாள் காலை அவள் உள்ளறையில் இஸ்திரி போட்ட புடவையில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கதவுக்கு வெளியே, சுவரோடு சுவராக நின்றார். டைப்பிங் சத்தம் கேட்டது. தடுமாற்றமே இல்லாமல் மழை பிடித்தது போல விழுந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்:

"மாசக்கணக்கா இங்கயே தங்கணும். வீட்டுல கேட்டீங்களா?"

"கேக்கல மேடம். சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "உங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருக்காரா? பாதில விட்டுட்டுப் போயிட்டா எங்களுக்குத்தான் சிரமம். ஒரு வார்த்தை அவர்கிட்டயும் கேட்டுக்கறேன்."

மாஸ்டர் பனியனோடு இருந்தார். சட்டையை மாட்டி, பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மடியில் கோத்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. ஒரு 'இல்லை' சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"உங்களுக்குச் சம்மதந்தானே சார்?"

"அவ இல்லாட்டி எனக்குக் கஷ்டந்தான் மேடம். ரொம்பக் கஷ்டம்." மனைவியின் தோள் சட்டென்று இறுகியது. "ஆனா அது என் கஷ்டம். அதப் பாத்து நீங்க முடிவு பண்ண வேணாம். பாதில வர்ற ஆளு இவ இல்ல."

திரையிலிருந்த பெண் ஏதோ எழுதிக்கொண்டாள். "ஒண்ணாம் தேதி வந்து சேந்துக்கங்கம்மா."

அழைப்பு முடிந்தது. மனைவி நாற்காலியோடு திரும்பி, முதல்முறை பார்ப்பவளைப் போல அவரைப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டிக் கஷ்டமா?" என்றாள். "ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"நீ கேட்டதில்லையே."

"இதெல்லாம் கேட்டா சொல்லணும்?"

மாஸ்டர் கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அவள் எழுந்து வந்து, தப்பாகப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியாகப் போடத் தொடங்கினாள்.