துண்டுக்குள் வாசித்த விரல்

ஜீப்பில் ஏறுவதற்குள் பையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன். எழுத்து அட்டைகள், சொல் அட்டைகள், நிறுத்துக் கடிகாரம், இரண்டு பென்சில். எல்லாம் இருந்தன. போடிமெட்டு வளைவுகளில் நான்காவது முறையும் கை பைக்குள் போனது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். மூளை எப்படி வாசிக்கிறது, எப்படி எழுதுகிறது என்பது என் பாடம். மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை எங்களிடம் வந்திருந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. பேச்சு சரி, கை கால் சரி. பேனாவைக் கொடுத்தால் பேரும் ஊரும் பிசகில்லாமல் எழுதுவார். அதே தாளைச் சற்றுக் கழித்து நீட்டினால், "இது யாரு எழுதுனது?" என்று கேட்பார். எழுத்துக் கண்ணில் படும். அது சொல்லாக மாறும் இடத்துக்குப் போகிற வழி மட்டும் அறுந்திருந்தது.

ஆய்வேட்டுக்கு இப்படி ஒருவர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவருடைய கவலை வேறு. தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் ஆட்கள் வருவார்கள். ஸ்டோர் வாசலில் நின்று கங்காணி தரும் பேர்ப்பட்டியலை வாசிப்பதுதான் கணக்குப்பிள்ளையின் முதல் சோலி. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மனப்பாடம் உதவாது. வாசிப்பார் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு. இல்லாவிட்டால் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நேரில் போய்ச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டு வரும்படி பெரிய டாக்டர் என்னை அனுப்பினார்.

கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அட்டையை நீட்டினேன்.

"ஏணி." நான்கு விநாடி.

"தேங்காய்." பத்து.

"மண்ணெண்ணெய்." இருபதுக்கு மேல்.

எல்லாம் சரி. ஆஸ்பத்திரியில் ஒன்றுகூட வராதவர். பென்சில் ஓடியது, ஆனால் மனம் ஒட்டவில்லை. எழுத்து கூடக் கூட நேரம் ஒரே சீராக ஏறியது. கண் அப்படி வாசிப்பதில்லை.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சிரித்தார். "பாருங்க தாயி, மாட்டுச்சந்தைத் தரகன் கணக்கா எந்நேரமும் துண்டுக்குள்ளயே கையி. யாருகிட்ட வெல பேசுறாகளோ!"

"ஒனக்கு வேற சோலி இல்லையா? உள்ள போ," என்றார் அவர்.

நானும் போடிக்காரிதான்; எனக்குச் சந்தை தெரியாதா? பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாமலிருக்க, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் நடக்கும்.

"ஐயா, டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை நீட்டினேன். 'கதவு.'

பார்த்தார். ஒரு நிமிடம் போனது. காப்பியில் ஆடை படிந்தது.

"தெரியல ஆத்தா."

கண் பார்த்த ஒவ்வொரு எழுத்தையும் துண்டுக்கடியில் தொடைமேல் விரலால் எழுதிப் பார்த்திருக்கிறார். எழுத மறக்காத கை, வாசிக்க மறந்தவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 'கை இல்லாமல்: பூஜ்யம்' என்று நோட்டில் குறித்தேன்.

"ஏமாத்தணும்னு செய்யல," என்றார். "கண்ணால வாசிச்சாத்தான் வாசிப்புன்னு ஒங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருந்தது. நோட்டை மூடினேன்.

அன்று மாலைக்குள் இரண்டு கடிதம் எழுதினேன். 'வாசிக்க முடியாது' என்று ஒன்று. 'வாசிக்கிறார்' என்று ஒன்று. இரண்டிலும் பொய் இல்லை. இரண்டையும் கிழித்தேன்.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் மூன்று ஜீப்புகள். கங்காணி பட்டியலை நீட்டினார். கணக்குப்பிள்ளை அதை இடது கையில் வாங்கி, வலது கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு முதல் பேரைத் தொடங்கினார். என் கட்டைவிரல் கடிகாரத்தை அழுத்தியது.

"அண்ணே, வெரசா! நீங்க வாசிக்கிறதுக்குள்ள காயி பழுத்து அணிலு தின்னுரும்," என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. தரகு முடிய வேணாமா?" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் சிரித்தது.

தினமும் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்ததாக நினைத்தவள் நான் ஒருத்திதான். அவர் கழுத்து வியர்த்தது, ஆனால் நிறுத்தவில்லை. கடைசிப் பேருக்கு ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பேர் தவறு. அதற்குரிய பெண்ணே திருத்தினாள்.

ஜீப்பின் முன்மூடிமேல் தாளை வைத்து எழுதினேன்: 'விரலால் எழுதிப் பார்த்து வாசிக்கிறார். கூடுதல் நேரம் வேண்டும். அந்தக் கையில் வேறு எதையும் கொடுக்கக் கூடாது.'

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா இது? வாசிப்பாரா, மாட்டாரா?"

"இப்பத்தான் வாசிச்சாரே சார்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கங்காணியிடம், "நாளையிலருந்து பட்டியலை மொத ஜீப்புலயே அனுப்பிரு. ஆளு வந்து சேர்றதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கிடட்டும்," என்றார்.

கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. தவறிய பேரைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார். துண்டு தோளுக்குப் போயிருந்தது; விரல் எல்லோரும் பார்க்கக் காற்றில் எழுதியது.