டயருக்கு வைத்த சந்தனப் பொட்டு

காலை மணி பத்து இருபது. எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். காரை ஓட்டியது என் மகள் நிவேதா. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. படாரென்று ஒரு சத்தம். முன்பக்க இடது டயர் வெடித்துவிட்டது.

அம்மனை நம்பும் உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே காலடிப்பேட்டை பங்க்சர் கடை காதர் பாய் காற்றடிக்கும்போது சொன்னார். டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும், மாற்றிவிடுங்கள் என்றார். பூஜை முடியட்டும் பாய் என்றேன். பூஜையன்று காரைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். வீக்கம் விரலில் தட்டுப்பட்டது. அந்த இடத்தில் மட்டும் பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். அதைப் பக்தி என்றுதான் அப்போது நினைத்தேன்.

கார் இடது பக்கம் இழுத்தது. அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தபடி வந்தது. பிரேக்கை மிதி, மிதி என்று கத்தினேன்.

"ம்மா, கொஞ்சம் பேசாம இரு."

தாயே, என் பிள்ளையைக் கொடுத்துவிடு. மனதுக்குள் அவ்வளவுதான் கேட்டேன். உடனே தொண்டை அடைத்துக்கொண்டது. கத்த நினைத்தும் சத்தம் வரவில்லை. நிவேதா பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து நேராக வைத்தாள். ஆக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தாள். வேகம் தானாகக் குறைந்தது. லாரி வரிசை முடிந்ததும் ஓரங்கட்டி, நான்கு பக்க விளக்கையும் மினுங்கவிட்டாள். டிரெய்லர் எங்களைத் தாண்டிப் போனது.

பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் கார் சுழன்று லாரிக்கடியில் போயிருக்கும் என்று பிறகுதான் சொன்னாள். என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று எனக்கு மகள் இல்லை. என் வாயை அடைத்தவள் அம்மன்தான்.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் நான்கு டயரையும் குனிந்து தடவிப் பார்க்கிறேன். காற்றின் அளவைப் பார்க்கச் சொல்கிறேன். பிறகுதான் கற்பூரம். அவளை முழுதாக நம்புங்கள். நம் கையால் செய்யவேண்டியதை மட்டும் அவள் தலையில் கட்டாதீர்கள்.

அன்று ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்றில்லை. அதற்கும் பொட்டு வைத்திருந்தேன். போன் செய்ததும் வேறு டயரோடு காதர் பாயே வந்தார். முதலில் நிவேதாவிடம், "அடி கிடி பட்டுச்சா கண்ணு?" என்று கேட்டார். பிறகு குனிந்து கிழிந்த ரப்பரைத் தடவினார். காய்ந்த சந்தனம் அவர் விரலில் ஒட்டியது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யக்கா, பொட்டு வெக்கும்போது கையில தட்டிக்கீது இல்ல? உங்க அம்மன் அப்பவே காட்டிக் குடுத்துக்கீறாங்க. நீ அது மேலயே வெச்சு மூடிக்கீறியே."