எஸ்தர் விட்டுக்கொடுத்த கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை, பாடம் எடுக்க வகுப்புக்குள் நுழையப்போன நேரத்தில் எஸ்தரின் தம்பி அழைத்தான். “அக்கா போயிட்டாங்க” என்றான். ஒரு வருடமாகச் சிகிச்சையில் இருந்தவள்தான். இருந்தும் நான் “எங்க?” என்று கேட்டுவிட்டேன்.

சிதம்பரத்தில் எங்களோடு எம்.ஏ. வரலாறு படித்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். கடைசி வரிசையில் சத்தமாகச் சிரிக்கும், கடலூர்க் கடற்கரைத் தேவனாம்பட்டினத்துப் பெண். உங்களுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும்.

இறுதியாண்டில் ஆளுக்கொரு ஆய்வுத் திட்டம் எழுதச் சொன்னார்கள். தலைப்பு, கேள்வி, ஆதாரங்கள் என்று இரண்டு பக்கம். கடலூர் பக்கத்துக் குடிகாடு கிராமத்திலிருந்து வந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் கடலூர் பேருந்தில் எஸ்தர் தன் கேள்வியைச் சொன்னாள். “சுனாமில எங்க வீட்டுக் காயிதமெல்லாம் போச்சுடி. காயிதமே இல்லாத ஊருக்கு வரலாறு எப்படி எழுதுறது?”

அதை நான் என் கேள்வியாக எழுதிவிட்டேன்.

பெயர் வரிசையில் நான் முதலில் வாசித்தேன். பேராசிரியர் வெகுவாகப் பாராட்டினார். அடுத்து எழுந்த எஸ்தர், கையிலிருந்த தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். “என்னோடது இன்னும் முடியல சார். ஒரு வாரம் குடுங்க” என்றாள்.

மாலை இருவரும் கடலூர் பேருந்தில் திரும்பினோம். நான் அழுதுகொண்டிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் சொன்னாள்: “கோவம் இருக்குடி. ரொம்ப ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா எங்க ஊர நீ தப்பா எழுதிட்டா அதவிட ஜாஸ்தியா வரும். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா.”

போனேன். மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் என்னைக் கூட்டிச் சென்றாள். உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து, “சுனாமில உங்க வீட்ல எத்தினி பேரு?” என்றேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எஸ்தர் என் நோட்டை வாங்கி மூடினாள். “எத்தினி பேருன்னு கேக்காதடி. பேரக் கேளு.” உள்ளே போய் அவரிடம் ஏதோ பேசி அழைத்து வந்தாள். அவர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயரோடு ஒரு கல்யாணமும் ஒரு படகும் ஒரு தெருச் சண்டையும் வந்தன. மதியச் சாப்பாட்டை மறந்து கேட்டோம்.

எஸ்தர் கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு அலுவலகங்களில் மக்கள் கொடுக்கும் மனுக்களைப் பற்றி எழுதினாள். நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் அது அவள் ஆசைப்பட்டது இல்லை. எனக்குக் கிடைத்த முனைவர் பட்ட ஆய்வு இடமும் இந்த வேலையும் அவள் கேள்வியிலிருந்து வந்தவை. பேராசிரியரின் அறை வாசல் வரை இரண்டு முறை போய், உண்மையைச் சொல்லாமல் திரும்பினேன். “விடுடி” என்றே கடைசிவரை சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

ஒரு வீட்டில் எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவளிடமிருந்து வந்து என்னிடம் தங்கிவிட்டது. அதைவிட, அவ்வளவு கோபத்திலும் வீட்டுக்கு வா என்று கூப்பிட்ட அந்தக் குரல். திட்டுவதற்காகவாவது இன்னொரு முறை கூப்பிட மாட்டாளா என்றிருக்கிறது.