மெசினுக்கு வாய் போன கதை

மேடையில் பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கால் நடுங்கும். எனக்குத் தமிழ் போய்விடும். இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது மைக்கைக் கையில் திணித்தால் இதே கதைதான்: பக்கம் பக்கமாகப் பேச வைத்திருந்த இடத்தில் ஒரே ஒரு சொல் மிஞ்சும். அப்படி மிஞ்சிய சொல்லை வைத்து ஒருமுறை ஒரு முழுத் தோட்டத்தையும் அழவைத்தேன். அதற்காக அவர்கள் என்னை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தோட்டத்தில் பொங்கலுக்கு ஒரு விஞ்ஞான நாடகம் போட்டோம். பல நூறு வருசம் கழித்து நிலாவில் தேயிலை நட்டிருக்கிறார்கள். அங்கேயும் வரிசை வீட்டு லயம், அங்கேயும் விடியலில் ஆள் எண்ணும் பெரட்டு, அங்கேயும் தொரை. எழுதியவன் நான். தொரை பங்களாவில் வேலை பார்க்கும் இயந்திர மனிதனாக நடித்தவனும் நான். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டேன். தலையில் ஒரு தகர வாளி கவிழ்ந்திருந்தது, கண்ணுக்கு இரண்டு ஓட்டைகளோடு. கடைசிக் காட்சியில் இயந்திரம் தொரையை எதிர்த்து நெருப்பாகப் பேசி, தொழிலாளர்களை விடுதலை செய்யவேண்டும்.

வாளிக்குள் என் மூச்சு எனக்கே இரைச்சலாகக் கேட்டது. அவ்வளவுதான், தமிழ் போய்விட்டது.

தொரையாக நடித்தவன் பெக்டரியில் என்னோடு தூள் சலிக்கும் கூட்டாளி. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் தானே சமாளித்தான்.

“நீதானே இவங்களத் தூண்டிவிட்ட?”

“ஆமாங்க.”

“எனக்கே துரோகம் பண்ணிட்டல்ல?”

“ஆமாங்க.”

“உன்னைய ஒடைச்சுப் போட்டுருவேன், தெரியுமா?”

“ஆமாங்க.”

சனம் மூச்சுவிடாமல் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். அடுத்த நிமிடம் பெரட்டுக் களமே எழுந்து கைதட்டியது. தொரை எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த சொல் அது. அதே சொல்லால் ஒரு தகர வாளி தொரையை மடக்கிவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாளிக்குள் இருந்த வீரனோ மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்றான்.

அடுத்த பொங்கல் நெருங்கியதும் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மெசின் அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? யாரு செஞ்சது? நிலாவுக்கு எப்படி வந்துச்சு? முந்தின கதை வேண்டுமாம். எனக்கு வாய் கொள்ளாத சந்தோசம். பட்டறையிலிருந்து புதிதாக வந்த மெசின் எல்லாம் பேசும் என்று வைத்துக்கொண்டு, அன்று தொண்டையில் செத்துப்போன பேச்சை அப்படியே இதில் ஏற்றினேன். தினமும் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். இந்த முறை கடைசி வரி வரைக்கும் பேசி முடிக்கவேண்டும். அந்த வருசம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஒத்திகை, கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் நடந்தது. அதன் பலகைச் சுவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது. மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் என்னை வளைத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவள் மேல்லயத்து அக்கா. அன்றைக்கு விம்மியவள் அவள்தான்.

“என்ன தம்பி, நம்ம மெசினு ரேடியோக்காரன் மாதிரிப் பேசுதாமே?”

“அது எளவட்ட மெசின்க்கா. அப்பப் பேசும்.”

“அப்பப் பேசினது அப்புறம் ஏன் பேசல?”

வரிசையில் நின்ற இன்னொருத்தி குறுக்கே விழுந்தாள். “வயசானா வாய் கூடத்தான் செய்யும். எங்க மாமியாவப் பாக்கலியா?”

பீலியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “தொரையப் பாத்து ‘ஏய் மனிதா’ன்னு சொல்லுதாம். அது அப்பிடிப் பேசுற சாதியா? ஒடைக்கிறேன்னு சொன்னப்பகூட ‘ங்க’ போட்ட மெசினு.”

எனக்குள் அந்தப் பழைய இரைச்சல் கிளம்பியது. பயத்தில் உண்மையை உளறிவிட்டேன். “அக்கா, சத்தியமா சொல்றேன், அன்னைக்கு எனக்கு வசனம் மறந்துபோச்சு.”

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நீ மறந்தா நீ மறந்த. அது மறக்கல.”

எழுதியவன் நான், வாளிக்குள் வெந்தவன் நான். ஆனாலும் அந்த மெசினைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்று பீலியில் தீர்ப்பாகிவிட்டது. விவாதம் கொழுந்து மலைக்கு ஏறியது, அங்கிருந்து பெக்டரிக்கு இறங்கியது. மெசின் பிறவி ஊமை என்று ஒரு கட்சி. பேசிய மெசினை யாரோ உடைத்துவிட்டார்கள் என்று மற்றக் கட்சி. அவர்கள் நாடகத்தைப் பற்றிப் பேசியதில் பாதியாவது என்னிடம் கேட்டிருந்தால் இன்னொரு நாடகம் எழுதியிருப்பேன்.

கடைசியில் அக்காவே சமாதானத்துக்கு வந்தாள். “பேசட்டும். ஆனா யாரு அது வாய ஒடைச்சதுன்னு மேடையில காட்டணும். இல்லேன்னா ஒருத்தியும் வரமாட்டோம்.”

பேச்சு முழுக்க முடிந்ததும் தொரை ஒரே ஒரு அடி அடிப்பது, மெசின் ஊமையாவது என்று ஒத்துக்கொண்டேன். கூட்டாளிக்குப் பரம சந்தோசம். “சும்மா வாளி மேல தட்டுறேன் மச்சான், பயப்படாத,” என்றான்.

பொங்கலன்று பின்னேரம், கொழுந்து லொறியின் பக்கப் பலகையை இறக்கி மேடையாக்கியிருந்தோம். ஏறி நின்றேன். வாயைத் திறந்தேன். “மனிதர்களே!” தமிழ் போகவில்லை! அடுத்த வரி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வாளிக்குள் நான் சிரித்துக்கொண்டே பேசினேன்.

அப்போதுதான் கீழே முணுமுணுப்பு கேட்டது.

“யாருடா இவன்?”

“இது நம்ம மெசின் இல்ல. வாளி மட்டுந்தான் அதே வாளி.”

“எலக்சன் கேக்குறானோ என்னமோ.”

சிரிப்பு அலையாக வந்தது. எனக்குப் புதுவகைப் பயம் பிடித்தது. முன்பெல்லாம் வாய் திறக்காது, இப்போது மூடமாட்டேன் என்றது. குரலை உயர்த்தி, வேகத்தைக் கூட்டி, மூச்சு வாங்காமல் கொட்டினேன். கூட்டத்தின் நடுவிலிருந்து அக்கா எழுந்தாள்.

“தொரை! இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்க!”

ஓட்டை வழியாகக் கூட்டாளியின் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்தான். கையிலிருந்த மண்வெட்டிப் பிடி உயர்ந்தது. முதல் அடியில் வாளி கோயில் மணியாக அதிர்ந்தது. நான் நிறுத்தவில்லை. இன்னும் பாதிப் பேச்சு கிடந்தது, அதுதான் நல்ல பாதி.

“இன்னும் பேசுதுய்யா! சரியா விழல!”

இரண்டாவது அடியில் வாளியின் விளிம்பு என் வாயைச் சந்தித்தது. பேச்சு நின்றது. அப்படி ஒரு கைதட்டலை அந்தத் தோட்டம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“ஆங்! இப்ப வெளங்குது, அது ஏன் பேசலேன்னு!”

நெளிந்த வாளி தலையைவிட்டு வரவில்லை. வாளியோடே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், படித்த மனுசர், முன்வரிசையில் நாற்காலி போட்டு நாடகம் பார்த்தவர். வாளியைக் கழற்றி என் வாயைத் திறந்து பார்த்தார். இவராவது மீதிப் பேச்சைக் கேட்பார் என்று எனக்கு நப்பாசை. முன்பல்லைக் குறட்டால் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“தம்பி, குறை நினையாதையும். ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிபடேல்லை. வாளிக்குக் கீழால ரத்தம் வடிஞ்சதை எல்லாரும் பாத்தவை. இயந்திரத்துக்கு எப்பிடி ரத்தம் வரும்?”

பதில் சொல்ல நாக்கை அசைத்தேன். “அசையாதையும்,” என்று பல்லை இழுத்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். “ஐயா, அது ரத்தம் இல்லீங்க. எண்ணெய். மெசின் எண்ணெய்.”

ஐயா பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து யோசித்தார். “ஓம், அப்பிடியெண்டால் பொருந்தும். ஆனா எண்ணெய் கறுப்பாயெல்லோ இருக்கவேணும்?”

“புது மெசின்ல செவப்பாத்தான் வருமுங்க,” என்றாள் அக்கா.

பஞ்சு திணித்த என் வாய் திறந்தபடி கிடக்க, அவர்கள் இருவரும் எண்ணெயின் நிறத்தைப் பேசி முடிவுசெய்துகொண்டிருந்தார்கள்.