சுமைக்கு அடியில் ஒரு கை

யாகரே கழுதைக்குப் பின்னால் நடந்து நான் பார்த்ததில்லை. வலது கையை உப்புப் பாளத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கியபடி பக்கத்திலேயே நடப்பாள். கும்பி நகரத்தின் வடக்கு வாசலில் நான் கம்பங்கூழ் விற்ற இத்தனை வருடங்களிலும் அப்படித்தான்.

பாலைவனம் கடந்து வரும் ஒட்டகங்கள் ஊருக்கு வெளியே படுத்துவிடும். அங்கிருந்து உப்பை உள்ளே கொண்டுவருவது கழுதைகள். வாசலில் ராஜாவின் ஆட்கள் கழுதைக்கு ஒரு பொற்காசு வரி வாங்குவார்கள். பாளம் எத்தனை என்று பார்ப்பதில்லை. ராஜாவின் வில்லாட்களுக்கும் குதிரைகளுக்கும் அந்தக் காசில்தான் தீனி. வரி கழுதைக் கணக்கில் என்பதால் வியாபாரிகள் இரண்டு பாளம் தாங்கும் முதுகில் நான்கை ஏற்றினார்கள். கழுதைகள் இடுப்பொடிந்து செத்தன. யாகரேக்கு இருந்ததோ ஒன்றே ஒன்று. தெற்கே பொன் வாங்கப் போன புருஷன் திரும்பவில்லை. கழுதை விழுந்தால் அவளும் இரண்டு பெண்களும் பட்டினி.

"யாகரேக்கா, உங்க ரெண்டு பேர்ல கூலி யாருக்கு?" என்று தண்ணீர்க்காரிகள் சீண்டுவார்கள்.

"புல்லு அதுக்கு, கூலி எனக்கு. நீ தண்ணிய சிந்தாம போடி."

ஒரு கோடையில் வாசலுக்குச் சிலமக்கான் என்ற புது வரிக்காரன் வந்தான். யெதர் என்னும் வடக்கத்தி வியாபாரியின் உப்போடு வந்த யாகரேயை நிறுத்தினான்.

"அடியில எதுக்குக் கை?"

"சும்மாதான்யா."

"சும்மாவா? தோளு நடுங்குதே. சுமைய ரெண்டு பேரு தூக்குறீங்க. ரெண்டு காசு."

யெதர் முகத்துணிக்குள்ளிருந்து கத்தினான். "பொம்பளைக்கும் வரியா? நாளைக்கு என் நிழலுக்கும் கேப்பியா?"

"நிழலு உப்பு தூக்குனா கேப்பேன்."

கூட்டம் சிரித்தது. யெதர் யாகரே பக்கம் திரும்பினான். "கைய எடும்மா."

"எடுத்தா விழுந்துரும்யா."

"விழட்டும். எடுக்கலேன்னா எங்காளுங்க ஒருத்தனும் இனி உன்னைக் கூப்பிட மாட்டான்."

யாகரே இடது கையால் இடுப்புக் கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தாள். பாளங்கள் இரண்டு பக்கமும் விழுந்து உடைந்தன. கூட்டத்தில் பாதிப் பேர் உப்பைப் பொறுக்கக் குனிந்துவிட்டார்கள். யெதர் யாரை விரட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடினான்.

சிலமக்கான் கழுதையின் வெறும் முதுகைப் பார்த்தான். "சுமையில்ல, வரியில்ல. ஓட்டிட்டுப் போ."

விஷயம் அரண்மனைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வாசலைக் கழுதை யாரும் கை கொடுக்காமல் தனியாகத்தான் கடக்க வேண்டும், தடுமாறினால் இரட்டை வரி என்று ஆணை வந்தது. வியாபாரிகள் இரண்டு பாளத்துக்கு இறங்கினார்கள். கழுதைகள் பெருகின, வரியும் பெருகியது. மேற்கே வில்லாட்களுக்குப் புதுக் கொட்டடிகள் எழுந்தன. கூடிய செலவை வியாபாரிகள் உப்பின் விலையில் ஏற்றினார்கள்.

யெதர் சொன்னபடியே செய்தான். வடக்கத்திக்காரர்கள் யாரும் யாகரேயைக் கூப்பிடுவதில்லை. இப்போது அவள் விறகும் கம்பும் சுமக்கிறாள், கூலி பாதிதான். கழுதைக்கு ஒரு கண் மங்கிவிட்டது, நடக்கிறது. நான் கூழில் உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன்.