பள்ளத்துப் பக்கத்துச் சக்கரம்

சித்தேரி மலையில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு பெண்மணியை அரூர் வரைக்கும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். என்னைவிடச் சற்று மூத்தவர். மடியில் சாமைப் பை. ஒவ்வொரு வளைவிலும் பேச்சைப் பாதியில் நிறுத்துவார். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

தூறலில் ஒரு வளைவில் காரின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. நான் பிரேக்கை மறந்தேன், குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்தேன், "அம்மா!" என்று அலறினேன். கீழே ஏதோ கடகடவென்று அதிர, கார் தானாகவே நேரானது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னி அடங்கியது. கிடாவை உடனே தேங்காயாகக் குறைத்துக்கொண்டேன்.

"நீங்க கத்துனதுலதாங்க எனக்குப் பயமே வந்துச்சு," என்றார் அவர். "யாருங்க புடிச்சு நிறுத்துனது?"

"காரேதாங்க அக்கா. ஸ்டியரிங் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் போனா அதுக்குத் தெரிஞ்சிடும். ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, இன்ஜினையும் அடக்கி, வண்டியத் திருப்பிடும்."

"எந்தச் சக்கரங்க?"

"இப்பப் புடிச்சது முன்னால, பள்ளத்துப் பக்கம், என் பக்கம் இருக்கிறது."

அவர் திரும்பி, தாண்டி வந்த வளைவைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்காரரு வேன் அந்த வளைவுலதாங்க பள்ளத்துல போச்சு. அதுலயும் அந்தச் சக்கரம் இருந்துச்சுங்களே."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

அரூரில் இறங்கியவர், காரின் முன்னால் சுற்றி என் பக்கம் வந்தார். சேறு படிந்த அந்தச் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் காரை நகர்த்தவில்லை.