முந்நூறு பொருளுக்கு மேல் கூடாது

இல்லாத நிலத்தில் கட்டடம் கட்டுவதுதான் என் தொழில். ஆனால் அந்த நிலத்துக்கும் அளவு, எல்லை, நோட்டீஸ் எல்லாம் உண்டுங்க. இணையத்தில் ஒரு பொம்மை உலகம். அங்கே இடத்தை மனை மனையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் தன் ஊரில் உட்கார்ந்தபடியே பொம்மை உருவத்தில் உள்ளே நடந்து வந்து நம் பனியனைப் பார்க்கலாம். நல்லூரில் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அங்கே நான்தான் ஷோரூம் கட்டினேன். எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி சொல்லும் கதையில் பூதம் ஒரே மூச்சில் கோட்டை கட்டிவிடும். அதற்குக்கூட யாரும் இத்தனை கண்டிஷன் போட்டதில்லை. யாரோ எழுதிய விதிக்குள் குனிந்து குனிந்து வேலை பார்ப்பவரா நீங்களும்? அப்போது கேளுங்கள்.

வடக்குச் சுவர்

எங்கள் ஓனர் சுப்பிரமணியண்ணன், பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டி கம்பெனி கட்டியவர். பொம்மை உலகத்திலும் அப்படியே வேண்டும் என்றார். “எல்லையைத் தாண்டுனா ஆகாதுங்கண்ணா” என்றேன். என் குரல் எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானைத் தாண்டாது. மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. “ஒரு சாண் தள்ளிப் போடு கண்ணு, அங்க யாரு டேப்பு புடிக்கறாங்க?”

போட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சுவரையே காணோம். எல்லை தாண்டியதை அந்த உலகமே கழற்றி என்னிடம் திருப்பி அனுப்பிவிட்டது. அண்ணன் திரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஏனுங் கண்ணு, நம்மூர்ல இடிக்கறதா இருந்தா வாசல்ல நின்னு ஒரு சத்தமாச்சும் போடுவாங்க. இவன் இருமக்கூட இல்லயே!”

ஒரு பனியன், ஆறு துண்டு

இந்த வேலைக்கு வருமுன் நான் கட்டிங் செக்‌ஷனில் பேட்டர்ன் போட்டவன். பழகிய கை சும்மா இருக்குமா? முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கை, கழுத்துப் பட்டி, லேபிள் என்று தனித்தனியாகச் செய்து பொருத்தி, ஐம்பது பனியன் தொங்கவிட்டேன். பக்கத்திலேயே எங்கள் தையல் லைனையும் செய்து வைத்தேன், இருபது மிஷின். டெய்லர்கள் வந்து திரையில் அவரவர் மிஷினைத் தேடிப் பார்த்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துச் செல்வியக்கா, தன் மிஷினில் கட்டியிருக்கும் மஞ்சள் துணியையும் போடச் சொன்னார். போட்டேன். அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார்.

மறுநாளே நோட்டீஸ். இந்த அளவு மனையில் முந்நூறு பொருள்தான் வைக்கலாமாம். வியாழன் மூன்று மணிக்குள் குறைக்காவிட்டால் மொத்தத்தையும் கழற்றிவிடுவார்கள். பையர் வருவது வியாழன் நாலு மணிக்கு. எனக்கு ஐம்பது பனியன். அவர்கள் எண்ணினால் அதுவே முந்நூறு, மிஷின் இருபதும் சுவர், கதவு என்று ஒரு பத்தும் அதற்கு மேல். விஷயத்தைக் கேட்டுச் செல்வியக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏ தம்பி, பொம்மை செய்யச் சொன்னா நீங்க ஆர்டரே தச்சு முடிச்சிருக்கியளே!”

இருபது அதிகம்

ரெண்டு நாள் உட்கார்ந்து, ஆறு துண்டையும் இணைத்து ஒவ்வொரு பனியனையும் ஒரே பொருளாக்கினேன். இடம் ஒழிந்தது. கன்டெய்னரில் ஒரு பெட்டிக்கு இடம் மீந்தாலும் பொறுக்காதவர் அண்ணன், விடுவாரா? எல்லா சைஸும், எல்லா கலருமாக இன்னும் இருநூறு பனியன். கூரைமேல் கம்பெனி போர்டு வேறு. எழுத்தும் பல்புமாக அதுவே நாற்பது பொருள். வியாழன் ரெண்டு மணிக்கு எண்ணினால் முந்நூற்று இருபது.

“மிஷின் இருவதையும் எடுத்துரு கண்ணு. சரியாப் போச்சு” என்றார்.

“எடுக்க மாட்டேனுங்கண்ணா.”

“என்னது?”

“எடுக்க மாட்டேனுங்க. அவங்க மிஷினுங்க அது.” இந்தத் தடவை கேட்டது. செக்கிங் டேபிளில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“எடம் என்னுது!”

“உங்களுதுதானுங்க. ஆனா அங்க கம்பெனி பேர்ல மனை தர மாட்டாங்க, ஆள் பேர்லதான். அது என் பேர்ல இருக்குது. நான் தொட்டாத்தான் அசையும்.”

“அப்ப நாளைக்கு வேலைக்கு வராத.”

“சரிங்கண்ணா. இன்னைக்கு மிஷின் அங்கயே இருக்கும்.” போர்டைத்தான் கழற்றினேன், எழுத்து எழுத்தாக. கடைசி எழுத்து போகும்போது மணி ரெண்டு ஐம்பது.

“பேரும் உன்னுது, பேச்சும் உன்னுது, என்ர போர்டும் போச்சு. இதென்றா நாயம்?”

நாலு மணி

பையரின் பொம்மை வந்தது. இருநூற்று ஐம்பது பனியனையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மஞ்சள் துணி கட்டிய மிஷின் முன்னால் போய் நின்றது. இதில் உட்கார்ந்து தைப்பது யார் என்று கேட்டார். அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “போர்டு இல்லாம இது யாரு கம்பெனின்னு அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லு பாக்கலாம்!”

நான் வாயைத் திறக்குமுன் கதவோரத்திலிருந்து செல்வியக்கா சொன்னார்:

“நாங்க இருவது பேரு இருக்கோம்லா அண்ணாச்சி, எங்களக் கேக்கச் சொல்லுங்க.”

மறுநாளும் வேலைக்குப் போனேன், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. போர்டைத் திரும்ப வைக்கத்தான் அந்த மனையில் இன்னும் இடம் ஒழியவில்லை.